தேர்வு: பூவராகன்

அது பழசு சார். நீங்க பாத்துகிட்டிருக்கீங்களே, அந்த யானைக்குட்டி வீடியோ. ரெண்டு வருஷமாச் சுத்துது. எட்டிப் பாத்தேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, பக்கத்து சீட்டு, கண்ணு தானாப் போயிடுது. கடைசியில குட்டி சேத்துலேர்ந்து ஏறி வந்துடும், தாய் யானை தும்பிக்கையால தடவிக் குடுக்கும். அவ்வளவுதான். முழுசாப் பாத்து நேரத்தை வீணடிக்காதீங்க, போனை உள்ள வச்சிடுங்க. உங்களுக்கு அனுப்பினவருக்கு விஷயம் தெரியல. ஒண்ணை அனுப்பறதுக்கு முன்னாடி புதுசா பழசான்னு பாக்க வேணாமா? நான் பாப்பேன்.

பண்ருட்டிக்குத்தானே? நானும் அங்கதான். இந்த வண்டி மந்தாரக்குப்பத்துல டீ குடிக்க நிப்பாட்டுவான், அப்புறம் நெய்வேலியில ஆளு ஏத்தறேன்னு உருட்டுவான். எனக்குத் தெரியாததா? விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா, சுருக்கமா டி.கே., இருந்து ரிட்டயர் ஆனவன் சார் நான். பூவராகன் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கான்னா டிரைவருங்க டீ கிளாஸைப் பாதியில வச்சிட்டு ஓடுவாங்க. எந்த வண்டி முன்னாடி போகணும், எது நிக்கணும், எல்லாம் நம்ம விசில்தான். அந்தப் புத்திதான் இப்பவும். என்ன, வண்டிக்குப் பதிலா வாட்ஸ்அப்பு.

நற்சிந்தனை நந்தவனம்னு ஒரு குரூப்பு. பேரு நான் வச்சதுதான், எப்படி இருக்கு? எங்க தெரு சனங்க, டெப்போவுல கூட வேலை பாத்தவங்க, என் சம்சாரம் வழிச் சொந்தம், மளிகைக்கடைக்காரரு, ஏதோ ஒரு கல்யாணத்துல பக்கத்து இலையில உக்காந்து சாப்பிட்டவருன்னு இருநூத்திச் சொச்சம் பேரு. சேத்துவிடுங்கன்னு யாரும் கேக்கல. நல்லதை யாரு சார் கேட்டு வாங்கறா? நாமதான் ஊட்டணும்.

வேலை லேசுப்பட்டதில்ல. எனக்கு வேற வேற குரூப்புலேர்ந்து நூத்துக்கணக்குல வந்து கொட்டும். விடியறதுக்குள்ள எழுந்து கூடத்துல ஈஸி சேரைப் போட்டு உக்காந்துடுவேன். காதுல ரெண்டு பக்கமும் ஹெட்போன். குப்பையை ஒதுக்கி நல்லதைப் பொறுக்கணும். சாமி படம் ஒண்ணு, சிந்தனை ஒண்ணு, வைத்தியம் ஒண்ணு, கண்ணு கலங்கற மாதிரி ஒரு வீடியோ, கடைசியா சிரிப்பு ஒண்ணு. இதே வரிசையிலதான் போகும். சாமிக்கு முன்னாடி சிரிப்பு போச்சுன்னா அந்த நாள் உருப்படுமா? ஒவ்வொண்ணுக்கும் அடியில எழுதினவன் பேரு இருக்கும். அதைக் கத்தரிச்சிட்டு 'தேர்வு: பூவராகன்'னு போடுவேன். அதுக்குன்னே ஒரு ஆப்பு வச்சிருக்கேன். எழுதறவன் எழுதிட்டுப் போயிடறான் சார். ஆயிரம் பேரு எழுதறான். இதுதான்னு எடுக்கறவன் ஒருத்தன்தானே?

வைத்தியத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருப்பேன். ஒரு திங்கக்கிழமை, வெறும் வயித்துல எலுமிச்சஞ்சாறு குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு போட்டேன். வியாழக்கிழமையே, குடிச்சா குடல் வெந்துடும்னு வந்தது. அதையும் போட்டேன். பின்தெருவுல அமலோற்பவம்னு ஒரு அம்மா, நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, என்னை ரோட்டுல நிறுத்தி, "சார், குடிக்கறதா, வேணாமா?"ன்னு கேட்டாங்க. "ரெண்டு பக்கத்தையும் குடுக்கறது என் கடமைம்மா, முடிவு உங்களோடது"ன்னேன். விடுவிடுன்னு நடந்து போயிட்டாங்க. அப்பலேர்ந்தே அந்தம்மாவுக்கு எம்மேல ஒரு கடுப்பு.

இவ்வளவு பேரு இருக்கற எடத்துல விதின்னு ஒண்ணு வேணும்ல? நம்ம குரூப்புல யாரும் சொந்த விஷயம் போடக் கூடாது. எங்க வீட்ல இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு, பேரனுக்குக் காய்ச்சல், வாசல்ல செருப்பைக் காணோம், இதெல்லாம் வேணாம். வாய்ஸ் மெசேஜ் அறவே கூடாது. எதாவது போடணும்னா எனக்குத் தனியா அனுப்பு, தரமா இருந்தா நானே போடறேன். என் மச்சான் பையன் ஒருத்தன் சொன்னான், "மாமா, அட்மின் மட்டும்தான் பேச முடியும்னு பூட்டிடுங்க, தொல்லை விட்டுது"ன்னு. நான் ஒத்துக்கல சார். பூட்டறது சர்வாதிகாரம். என் குரூப்புல யாரு வேணா பேசலாம். பேசினா அழிச்சிடுவேன், அது வேற.

என் சம்சாரம் பேரு சௌந்தரவல்லி. சௌந்தரம்னு கூப்பிடறது. அவளுக்கும் ஒரு போன் வாங்கிக் குடுத்து குரூப்புல சேத்து வச்சிருந்தேன். எதுக்குன்னா, நான் ஒண்ணு போட்டதும் முதல் கும்பிடு பொம்மை அவளோடதா இருக்கணும். ஒருத்தர் போட்டாத்தான் மத்தவங்களுக்குப் போடத் தோணும். அதனால கொல்லையில துணி துவைக்கப் போனாலும் போனை இடுப்புல சொருகிகிட்டுத்தான் போகணும்னு சொல்லி வச்சிருந்தேன். சொன்னபடி செய்வா. அந்த விஷயத்துல அவளைக் குறை சொல்ல முடியாது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்னிக்குச் சிந்தனை பிரமாதமா அமைஞ்சிருந்தது. 'மனைவி பேசுவதைக் கேட்பவன் கணவன். பேசாததையும் கேட்பவனே நல்ல கணவன்.' பின்னாடி சூரியகாந்தித் தோட்டம். போட்டுட்டு, அடுத்து எந்த வீடியோன்னு பாத்துகிட்டிருக்கேன், போன் அடிக்குது. சௌந்தரம்தான். வீடியோ நடுவுல போன் வந்தா நின்னுடும் சார், திரும்ப முதல்லேர்ந்து பாக்கணும். கட் பண்ணேன். மறுபடி அடிச்சுது. மறுபடி கட் பண்ணேன். ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டு என்ன போன் வேண்டியிருக்கு, நீங்களே சொல்லுங்க.

கொஞ்ச நேரத்துல குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. வாய்ஸ் கூடாதுன்னு விதி. கேக்காமலே எடுத்துட்டேன். இன்னொண்ணு வந்தது, அதையும் எடுத்துட்டேன். யாரு போட்டாங்கன்னா? பேரைப் பாக்கல சார். நான் பேரையே பாக்கறதில்ல. பாத்தா பாரபட்சம் வந்துடும். மாமன் மச்சான்னு ஒருத்தனை விட்டுட்டு இன்னொருத்தனை அழிக்கத் தோணும். அந்தப் பேச்சுக்கே நான் எடம் குடுத்ததில்ல.

மூணாவதா எழுத்துல வந்தது. 'விழுந்துட்டேன்'. அவ்வளவுதான். ஒத்தை வார்த்தை. படம் கெடையாது, ஒரு பூ கெடையாது. யாரு விழுந்தா, எங்க விழுந்தா, அதுலேர்ந்து நமக்குக் கெடைக்கற நீதி என்ன, ஒண்ணுமில்ல. இருநூறு பேரு விடியக்காலையில இதைப் படிச்சு என்ன பண்றது? கொஞ்சம் யோசிச்சுத்தான் எடுத்தேன். யோசிக்காம எடுத்தேன்னு சொன்னா அது பொய்.

அப்புறம் பாருங்க, குரூப்பு குலுங்குது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் என்னமோ அடிக்கறாங்க. சரிதான், சூரியகாந்தி வேலை செய்யுதுன்னு நெனச்சேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பூரிப்பு. கலியமூர்த்தின்னு பழைய கண்டக்டர், அவன் 'யோவ் டி.கே.'ன்னு ஆரம்பிச்சு ஏதோ நீளமா எழுதியிருந்தான். ஒரு நல்ல சிந்தனைக்கு அடியில 'யோவ்'னு ஆரம்பிச்சா அதுக்கு மேல நான் படிக்கறதில்ல. எடுத்துட்டேன். வரிசையா எடுத்துகிட்டே வந்தேன். அவங்க போடறாங்க, நான் எடுக்கறேன், அவங்க போடறாங்க, நான் எடுக்கறேன். தீபாவளிக் கூட்டத்துல வண்டி அனுப்பின மாதிரி கை ஓயல.

அப்ப எனக்கு முன்னாடி ஒரு நெழல் ஆடுது. நிமிந்து பாக்கறேன், அமலோற்பவம். பின்பக்கச் சந்து வழியா வந்து, கொல்லைக் கதவைத் தள்ளிகிட்டு உள்ள வந்திருக்காங்க. கூடவே அயர்ன் வண்டிக்காரரும் அவரு சம்சாரமும். மூணு பேருமா சௌந்தரத்தைத் தூக்கிகிட்டு கூடத்து வழியா, என் ஈஸி சேரைத் தாண்டிப் போறாங்க சார். துவைக்கற கல்லுகிட்ட பாசியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுகிட்டிருக்கா. நான் ஹெட்போனைக் கழட்டி, "என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். ஒரு புருஷன் கேக்க வேண்டியதைத்தானே கேட்டேன்? அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "காலை எடுங்க, வழி விடுங்க"ன்னாங்க. என் வீட்டுல, என்னைப் பாத்து! சௌந்தரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிகிட்டா. வலி போலிருக்கு.

ஆஸ்பத்திரிக்கு நான் போகலன்னு ஊருல பேசிக்கறாங்களாம். போனேன் சார். நாள் பூரா வராந்தாவுலதான் இருந்தேன். அங்க நெட்டு நல்லாவே கெடைச்சுது. குரூப்புல ஆளாளுக்கு என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க, பதில் சொல்ல வேணாமா? விதிகளைத் திரும்ப ஒரு தடவை எடுத்துப் போட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், என் சம்சாரமா இருந்தாலும் விலக்கு கெடையாதுன்னு. நியாயமாப் பாத்தா அதுக்குக் கைதட்டியிருக்கணும். இந்தக் காலத்துல எவன் சொந்தப் பொண்டாட்டி விஷயத்துல நேர்மையா இருக்கான்?

கைதட்டலையா, வெளியேறினாங்க. முதல்ல கலியமூர்த்தி. அப்புறம் மளிகைக்கடை. அப்புறம் தெருவே மொத்தமா. 'வெளியேறினார்', 'வெளியேறினார்'னு வந்துகிட்டே இருக்கு. பெங்களூர்ல இருக்கற என் ஒரே பொண்ணும் வெளியேறினார்தான். கடைசியில பாத்தா மூணு பேரு பாக்கி. ஒண்ணு நானு. இன்னொருத்தர் ரெங்கபாஷ்யம்னு எங்க டிக்கெட் செக்கர், அவரு போன வருஷமே காலமாயிட்டாரு. அவரு எங்க வெளியேறப் போறாரு? மூணாவது சௌந்தரம். அவ மட்டும் போகல சார். ஏன்னு எனக்குப் புரியல. வெளியேற எதை அமுக்கணும்னு தெரியலையோ என்னவோ.

அவ அண்ணன் தெய்வசிகாமணி, பண்ருட்டியில முந்திரி வியாபாரம். காரை எடுத்துகிட்டு வந்து, ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அவரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. "மாப்ள, கொஞ்ச நாளு எங்ககிட்ட இருக்கட்டும், நீங்க உங்க வேலையைப் பாருங்க"ன்னாரு. பரவால்ல, என் வேலைக்கு மதிப்பு குடுக்கறாரேன்னு நெனச்சேன். அவரு சொன்ன விதம் வேறன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒறைச்சுது.

வீடு நல்லாவே இல்ல சார். காலையில சாமி படத்தைப் போட்டுட்டு, தன்னால அடுப்படிப் பக்கம் திரும்பறேன். ஒரு பாத்திரச் சத்தம் இல்ல. நானே காபி போட்டேன், வாயில வைக்க முடியல. முன்னாடியெல்லாம் அவ காபியை எங்கிட்ட வச்சிட்டு ஏதோ சொல்லிகிட்டே போவா, ஹெட்போன்ல எனக்கு வாயசையறது மட்டும்தான் தெரியும். இப்ப அந்த வாயசைவுகூட இல்ல. கஷ்டமா இருக்கு சார், உண்மையைச் சொல்றேன். ஊரு போனாப் போகட்டும், வேற ஊரு சேத்துக்கலாம். இவ வரணும். அது ஒண்ணுதான் எனக்கு.

போன வாரம் அண்ணன் மூலமா ஒரு சேதி சொல்லி அனுப்பினா. வர்றாளாம், ஆனா ஒண்ணு கேக்கறா. நகையா? இல்ல. பட்டுப்புடவையா? இல்ல. "அவரு எனக்குச் சொந்தமா ஒரு வார்த்தை எழுதட்டும். வேற எவனோ எழுதினது வேணாம். அவரே யோசிச்சு, அவரே எழுதட்டும். வந்தா, அன்னிக்கே கெளம்பி வர்றேன்." இதான் சார் கேட்டது. இதுல என்ன கஷ்டம்னு நீங்க சுலபமாக் கேக்கறீங்க. எழுதறதா கஷ்டம்? தரம்னு ஒண்ணு இருக்குல்ல? இத்தனை வருஷமா ஒசத்தியானதா மட்டும் பாத்துப் பாத்து எடுத்தவன், நானே ஒண்ணை எழுதி, அது சுமாரா இருந்து, என் குரூப்புல வந்திருந்தா நானே அழிச்சிருப்பேன். அதைப் போயி பொண்டாட்டிக்கு அனுப்பறதா?

அதனால நானும் சும்மா இல்ல. இருக்கறதுலயே அருமையானதா எடுத்து அனுப்பிகிட்டே இருந்தேன். ரோஜாப்பூ ரெண்டு புறாவோட. கடற்கரையில ரெண்டு நாற்காலி. மன்னிப்பைப் பத்தி ஒரு கவிதை, படிச்சா கல்லும் கரையும். 'அன்பு அம்மாவுக்கு'ன்னு தலைப்பு இருந்தது, அதை மட்டும் மறைச்சிட்டு அனுப்பினேன். கண்ணை மூடிகிட்டு அனுப்பல, ஒவ்வொண்ணையும் அவளுக்காகத்தானே தேடினேன்? அந்த உழைப்புக்கு மதிப்பில்லையா?

எதுக்கும் பதிலே இல்ல. படிச்சதுக்கு நீலக்குறி மட்டும் வரும். ஒரே ஒரு தடவை பதில் போட்டா. 'இது போன தீபாவளிக்கே வந்தது.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. போயித் தேடிப் பாக்கறேன், சரிதான் சார், போன தீபாவளிக்கு நானே போட்டதுதான். அப்ப இவ்வளவு நாளா ஒண்ணு விடாம எல்லாத்தையும் படிச்சிருக்கா! நான் ஏதோ பாக்காமலே கும்பிடு போடறான்னுல்ல நெனச்சுகிட்டிருந்தேன். இருநூறு பேருல ஒழுங்காப் படிச்சது அவ ஒருத்திதான் போலிருக்கு. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் எதுக்கு வீடு வீடா ஆளு பிடிச்சேன்?

சரி, நேர்லயே போயிடுவோம்னு இன்னிக்குக் கெளம்பிட்டேன். மச்சானுக்கு போன் பண்ணிச் சொன்னா, "தாராளமா வாங்க மாப்ள, ஆனா தங்கச்சி கேட்டதை அனுப்பிட்டு வாங்க, இல்லன்னா அவ அறைக் கதவைத் தொறக்க மாட்டேங்கறா"ன்னுட்டாரு. அதான் விருத்தாசலத்துல ஏறினதுலேர்ந்து போனைக் கையில வச்சுகிட்டு உக்காந்திருக்கேன். இங்க பாருங்க. 'சௌந்தரம்'னு அடிச்சிட்டேன். பேரு அழகா வந்துடுச்சு. அதுக்கு மேல கை ஓட மாட்டேங்குது. எவ்வளவோ பாத்தவன், ஒரு வரி வர மாட்டேங்குது சார். எதை நெனச்சாலும் எங்கயோ படிச்ச மாதிரியே இருக்கு.

உங்களைக் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்ல உங்க சம்சாரம் கோவிச்சுகிட்டா நீங்க என்ன எழுதுவீங்க?

என்னது? 'கால் எப்படி இருக்கு'ன்னா? அவ்வளவுதானா? பின்னாடி ஒரு பூ, ஒரு அருவி எதுவும் வேணாமா? வெறும் எழுத்தா? ம்... நீங்க சொல்றப்ப சரியாத்தான் படுது. சுருக்கமா இருக்கு. புதுசா வேற இருக்கு, இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் எந்தக் குரூப்புலயும் எனக்கு வரல. இருங்க, அடிச்சிடறேன். 'சௌந்தரம், கால் எப்படி இருக்கு?' அட, பரவால்லையே. நல்லா வருது சார் உங்களுக்கு.

என்ன சொல்றீங்க? எந்தக் காலுன்னு சேத்துப் போடணுமா? இடது, வலதுன்னு போட்டாத்தான் நானே எழுதினதுன்னு நம்புவாங்கன்றீங்க. நல்ல யோசனை. போட்டுடறேன்.

இருங்க. துவைக்கற கல்லு இந்தப் பக்கம்... தூக்கிகிட்டு வந்தப்ப என்னைத் தாண்டிப் போனது... ஆஸ்பத்திரியில போத்தி விட்டிருந்தாங்க சார். டாக்டர் ஏதோ சொன்னாரு, அப்பதான் கலியமூர்த்திக்குப் பதில் எழுதிகிட்டிருந்தேன். அமலோற்பவம் எக்ஸ்ரே படத்தைக் குரூப்புல போட்டாங்க, அதைப் பாத்தா தெரிஞ்சிருக்கும். அதை நான்தான் எடுத்தேன். எலும்புப் படத்தைப் போயி யாரு சார் பாப்பாங்க?

பண்ருட்டி வந்துடுச்சா? எழுந்துக்காதீங்க சார், வண்டி ஸ்டாண்டுக்குள்ள போயித்தான் நிக்கும், நேரம் இருக்கு. மச்சானுக்கு போன் பண்ணிக் கேட்டா அவரு இவகிட்ட சொல்லிடுவாரு. கேக்க முடியாது. ஒண்ணு பண்றேன். எந்தக் காலுன்னு போடல. பொதுவாவே விட்டுடறேன். 'கால் எப்படி இருக்கு?' போதும் சார், அதான் நல்லது. நாளைக்கு வேற யாருக்காவது அனுப்பவும் ஆகும்.